பச்சைக்குள் மாதம்மா

தீர்த்தமலை அடிவாரத்தில் வேனிலிருந்து இறங்கி, கசங்கிய சேலையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தால்… எதிர் வேனிலிருந்து நாங்களே இறங்கிக்கொண்டிருந்தோம்!

சத்தியமாகத்தான் சொல்கிறேன். அதே கிளிப்பச்சை. அதே ஊதா பார்டர். முந்தானையில் அதே மாங்காய் டிசைன். எங்கள் மகளிர் குழுத் தலைவி கோவிந்தம்மா ஒரு நிமிடம் வாயடைத்து நின்றாள். அவள் வாயடைத்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"அடப்பாவி கடக்காரா!" என்றாள் கடைசியில். "உங்க ஊருக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்குதுங்க்கா, வேற யாருக்கும் குடுக்கலன்னு சொன்னானே!"

எதிர் வேன் பெண்களில் ஒருத்தி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "எங்களுக்கும் அதேதான் சொன்னான். தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையா?"

"அதேதான்."

"அப்ப நாம எல்லாரும் ஒரே ஊருன்னு நெனச்சிட்டான் போல!"

அவர்கள் பாலக்கோடு பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். இடுப்பில் கை வைத்துச் சிரித்தவளுக்குப் பெயர் சரோஜா. இரண்டு வேன் பெண்களும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரரே எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன். வழக்கம்போல் பின்னால் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.

அந்தச் சிரிப்பு மத்தியானம் வரைக்கும்தான்.

ஊர் விட்டு ஊர் போக இருபது பேருக்கும் ஏன் ஒரே சேலை என்று கேட்பீர்கள். பகட்டுக்கு இல்லை. மாதம்மாவுக்காக.

மாதம்மா என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாணம் ஆகவில்லை. நான் வாழ வந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். மாடு கறப்பது முதல் மல்லிப்பூ கட்டுவது வரை என்னைவிடக் கெட்டிக்காரி. ஆனால் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டி அவள் போனது விரல்விட்டு எண்ணுகிற தடவைதான்.

காரணம் அவள் அண்ணன். சின்ன வயதில் பாப்பாரப்பட்டி சந்தையில் தங்கையின் கையை ஒரு நொடி விட்டுவிட்டாராம். பொழுது சாயும்வரை தேடியிருக்கிறார். கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கடைசியில் ஒரு வெங்காய மூட்டைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாளாம். அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். அவருக்கு எழுபது வயதாகியும் மறக்கவில்லை.

"அவள எதுக்கு இழுத்துக்கிட்டுப் போறீங்க? வூட்லயே இருக்கட்டும்" என்பார். ஒவ்வொரு தடவையும் இதே பதில்தான். நானும் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை.

இந்தத் தடவை என்னவோ தைரியம் வந்துவிட்டது. நாங்கள் கிளம்புகிற பேச்சு எழுந்ததுமே மாதம்மா தன் பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை உங்களால் தாண்டிப் போக முடியுமா? என்னால் முடியவில்லை.

"ஏங்க, இந்த ஒரு வாட்டி அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் தங்கை மடித்து வைத்திருந்த சேலையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார். "சரி. ஆனா அவளத் தொலச்சிட்டு வந்தீங்கன்னா, இனிமே தெருமுனைக்குக்கூட அனுப்ப மாட்டேன். பாத்துக்க."

அப்போதுதான் கோவிந்தம்மா அந்த யோசனையைச் சொன்னாள். எல்லோரும் ஒரே கலர் சேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் டூர் போகிற மாதிரி. மாதம்மா எங்கே திரும்பினாலும் பச்சை தெரியும், பச்சையோடு நடந்தால் தொலைய மாட்டாள். எவ்வளவு நல்ல யோசனை! நானே பாராட்டினேன். காலையில் வேன் ஏறும் முன்பு மாதம்மாவின் முந்தானையைப் பிடித்துக் காட்டினேன், பிறகு என்னுடையதை, பிறகு கோவிந்தம்மாவுடையதை. இரண்டு விரலைச் சேர்த்து நடப்பதுபோல் காட்டினேன். இந்த நிறம் போகிற இடத்துக்குத்தான் நீ போக வேண்டும்.

புரிந்தது என்று தலையாட்டினாள். ஒன்றைப் புரிந்துகொண்டால் மாதம்மா மாற்ற மாட்டாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அமாவாசையும் சேர்ந்துகொண்டது. மலையில் கேட்கவா வேண்டும்! படி ஏறும்வரை அவள் கையை நான் விடவில்லை. மேலே பாறையிலிருந்து தீர்த்தம் கொட்டுகிற இடத்தில்தான் விட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் தள்ளுகிறார்கள், ஒரு பக்கம் இழுக்கிறார்கள். நான் நனைந்து, மூச்சு முட்டி, வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஈரப் பச்சைச் சேலைகள் கூட்டமாகப் படியிறங்கத் தயாராக நின்றன.

"பச்சையெல்லாம் வந்தாச்சா?" என்று கோவிந்தம்மா கத்தினாள்.

"வந்தாச்சு, வந்தாச்சு!"

இறங்கிவிட்டோம்.

கீழே வேனுக்குப் பக்கத்தில் புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து, தையல் இலையில் ஆளாளுக்கு வைத்துக் கொடுத்தோம். ஒரு இலையை யாரும் எடுக்கவில்லை. நான் அந்த இலையைப் பார்த்தேன். கோவிந்தம்மா என்னைப் பார்த்தாள்.

"மாதம்மா எங்க?"

"எனக்கு முன்னாடிதான எறங்குச்சு" என்றாள் ஒருத்தி.

"இல்ல, என் பின்னாடி வந்தாங்க. நான் திரும்பிப் பாத்தனே…"

"என்ன பாத்த? முகத்தப் பாத்தியா?"

அவள் பார்த்தது சேலையைத்தான். நாங்கள் எல்லோரும் பார்த்தது சேலையைத்தான்!

நம் கண் இருக்கிறதே, அது பெரிய சோம்பேறி. ஒன்றுபோல் இருப்பதையெல்லாம் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டி ஓரமாக வைத்துவிடும். பொட்டலத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்காது. கல்யாண மண்டபத்தில் வரிசையாக வெள்ளைச் சேர் போட்டிருந்தால் ஒரு சேரையாவது தனியாகப் பார்த்திருக்கிறீர்களா? வரிசையைத்தான் பார்ப்போம். நடுவில் ஒரே ஒரு சிவப்புச் சேரைப் போடுங்கள் — உள்ளே நுழைகிற அத்தனை பேரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

மனிதர்களையும் அப்படித்தானே பொட்டலம் கட்டுகிறோம்? ஊரில் பாதிப் பேருக்கு மாதம்மாவின் பெயரே தெரியாது. 'அந்தப் பேச்சு வராத அம்மா' என்றால் முடிந்தது. அவள் முகத்தில் எத்தனை விதமான சிரிப்பு இருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் வீட்டுக்கு வந்தபிறகு யோசித்தது. அப்போது யோசிக்கவா நேரம்! கோயிலில் அறிவிப்பு சொல்ல மைக் வைத்திருந்தவரிடம் ஓடினோம்.

"பேரு?"

"மாதம்மாங்க."

"வயசு?"

"அறுபது இருக்கும்."

"என்னா சேல?"

"பச்சைங்க… கிளிப்பச்ச" என்றாள் கோவிந்தம்மா.

அவர் கோவிந்தம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். "ஏம்மா, வெளையாடறீங்களா?"

ஆனாலும் நல்ல மனிதர். மைக்கைத் தட்டி, "பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாதம்மா, எங்கிருந்தாலும் உடனடியாக…" என்று ஆரம்பித்தார். நான் மெதுவாக அவர் பக்கம் போனேன்.

"அவளுக்குக் காது கேக்காதுங்க."

மைக்கை அணைத்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா?"

அதற்குள் டீக்கடைக்காரர் இன்னொரு சேதி சொன்னார். எதிரில் நின்ற பாலக்கோட்டு வேன் கிளம்பி அரூர் ரோட்டில் போய்விட்டதாம். அவர்கள் அடுத்து திருவண்ணாமலை போவதாகக் காலையில் பேசிக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. பச்சையோடு போ என்று நான்தான் சொன்னேன். அவளும் பச்சையோடு போயிருந்தால்?

"ஏறுங்கடி, தொரத்திப் பிடிப்போம்!" என்று கோவிந்தம்மா வேனைப் பார்த்து ஓடினாள். சிலர் அவளோடு ஓடினார்கள். மற்றவர்கள் மலைப் பக்கம் ஓடினார்கள். எங்கும் பச்சை. நாங்கள் தேடத் தேடக் கூட்டத்தில் பச்சை கலந்துகொண்டே போயிற்று.

அந்தக் களேபரத்தில் என் கண் போய் நின்றது வேன் டிரைவர் குமார் மேல். காக்கிச் சட்டையில் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். இத்தனை பேரில் ஏன் அவர் மட்டும் பளிச்சென்று தெரிகிறார்?

அவர் ஒருத்தர்தான் பச்சை இல்லை.

அப்போதுதான் புரிந்தது. நாங்கள் அவளைத் தேடுகிறோம், சரி. அவளும் எங்களைத் தேடுவாளே? அவளுக்கு மைக் உதவாது, கூப்பிட்ட குரல் உதவாது. அவளிடம் இருப்பது கண் ஒன்றுதான். அந்தக் கண்ணுக்கு நாங்கள் வைத்திருப்பது என்ன? எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை, பச்சை, பச்சை. கண்ணை முதலில் ஏதாவது ஒன்று பிடித்து இழுக்க வேண்டும். அப்புறம்தான் முகம்.

யாராவது ஒருத்தர் பச்சையை விட்டு வெளியே வர வேண்டும்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கூச்சம் தெரியும். கல்யாண ஆல்பத்தில் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அடுத்தவர் தோளுக்குப் பின்னால்தான் தேட வேண்டும். ஒரே கலர் சேலை என்றதும் நான் சந்தோஷப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம் — யாரும் என்னைத் தனியாகப் பார்க்க மாட்டார்களே! ஆனால் அங்கே மாதம்மாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம் என் முகம்தான். வேறு யாரை நிறுத்துவது?

"குமாரு, அந்த ஸ்க்ரீனக் கழட்டிக் குடுங்க."

வேன் ஜன்னலில் சிவப்பு வெல்வெட் திரை தொங்கும் பாருங்கள், ஓரத்தில் தங்கக் குஞ்சம் வைத்து. அதைத்தான் கேட்டேன்.

"எதுக்குங்கம்மா? ஓனர் திட்டுவாருங்க."

"குடுங்கன்றேன்."

காலையிலிருந்து நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குமேல் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கோவிந்தம்மாவை ஏற்றிக்கொண்டு வேனை எடுத்தார்.

படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு பாறை. இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிவிட்டார்கள். முழங்கால் மடமடவென்றது. திரையை விரித்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். ஊதுவத்தியும் டீசலும் கலந்த வாசம். கீழே ஆயிரம் தலைகள். எல்லாம் என்னைப் பார்த்தன.

வேர்த்து ஊற்றியது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று இருந்தது. மூடினால் மாதம்மாவை எப்படிப் பார்ப்பது? திறந்தே வைத்திருந்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினேன்.

நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. மலைக் கோயில் அடிவாரத்தில், அமாவாசையன்று, பாறை மேல் சிவப்பு போர்த்திய ஒரு வயதான பொம்பளை, கையைத் தூக்கி ஆட்டினால், நம் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?

ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "தாயே, எம் மவனுக்கு வேல எப்பத் தாயே கெடைக்கும்?"

"ஐயோ, நான் தாயெல்லாம் இல்லம்மா. எங்க நாத்தனாரத் தேடிக்கிட்டிருக்கேன்."

அவள் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினாள். "நாத்தனாராம்டி!"

"யாரு நாத்தனாரு?"

"எனக்குத்தான் இருக்காளே, திருப்பத்தூருல. பேச்சு வார்த்த நின்னு ரெண்டு வருசமாச்சு. அதத்தான் ஆத்தா சொல்லுது!" அந்த இடத்திலேயே செல்போனை எடுத்துவிட்டாள். அந்த மகனுக்கு வேலை கிடைக்குமோ என்னவோ… ஒரு நாத்தனாருக்கு அன்று போன் போனது.

வேறு சிலர் செல்போனில் என்னைப் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறென்ன செய்ய? பாறை மேலிருந்து பார்த்தால் பச்சைத் திட்டுகள் தெரிந்தன. படியோரம் ஒன்று, டீக்கடை பக்கம் ஒன்று, தூரத்தில் கடைகளுக்கெல்லாம் பின்னால் ஒரு புளியமரத்தடியில் ஒன்று. பாவம், தேடிக் களைத்து நம் ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். என் கண்ணும் அதே சோம்பேறிக் கண்தானே!

அந்தப் புளியமரத்தடிப் பச்சையிலிருந்து ஒரு பச்சை மட்டும் தனியாகப் பிரிந்தது.

முதலில் நடந்தது. அப்புறம் ஓடியது. மாதம்மா ஓடுவது எனக்குத் தெரியும். வலது கையை மட்டும் வீசி ஓடுவாள். கடைகளைத் தாண்டி, பொரிக் கூடையைத் தாண்டி, நேராக என் பாறைக்கு வந்து நின்றாள். தலையில் இரண்டு முழம் கனகாம்பரம். நாங்கள் யாரும் வாங்கிக் கொடுக்காத கனகாம்பரம்.

நான் அழுதுகொண்டே இறங்கினேன். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்!

தன் முந்தானையைப் பிடித்து என் முகத்துக்கு நேராக ஆட்டினாள். என் மேல் கிடந்த சிவப்புத் திரையைப் பிடித்து இழுத்தாள். காலையில் நான் செய்த மாதிரியே இரண்டு விரலைச் சேர்த்து நடத்திக் காட்டினாள். பச்சையோடு போ என்று சொன்னது நீ. நான் பச்சையோடுதான் இருந்தேன். நீ ஏன் சிவப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய்?

திரையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அவள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடி வந்தாள் பாலக்கோட்டு சரோஜா. "உங்க ஆளாக்கா? அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தீர்த்தத்தில் நனைந்து வெளியே வந்த மாதம்மா, முன்னால் போன பச்சையோடு சேர்ந்து அவர்கள் கூட்டத்தில் இறங்கியிருக்கிறாள். பாதி வழியில் முகங்கள் வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஆனாலும் சேலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிவிட்டு, தைரியமாக அவர்களோடே நடந்தாளாம்.

"எந்த ஊருன்னு கேட்டா சிரிக்கிறாங்க. வயித்தத் தொட்டுப் பசிக்குதான்னு கேட்டா தலய ஆட்டறாங்க. சரி, எங்க பாஷையில ரா அக்கா, ரான்னு கூட்டிக்கிட்டுப் போய் எங்க கட்டுச்சோத்தப் போட்டோம். எங்க வேன் பஞ்சர் ஒட்டப் போயிருச்சு. வந்ததும் உங்க வேன் நின்ன எடத்துக்குக் கூட்டியாந்து வுடலாம்னு இருந்தோம். அதுக்குள்ள இந்தப் பக்கம் பாத்தாங்க, அவ்ளோதான்… கைய ஒதறிட்டு ஓட்டம்!"

ஆக, கோவிந்தம்மா அரூர் ரோட்டில் உயிரைக் கொடுத்துத் துரத்தியது காலி வேனை. போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டோம்.

சாயங்காலம் ஊர் திரும்பும்போது வேனுக்குள் கோவிந்தம்மா சட்டம் போட்டாள். "அண்ணங்கிட்ட ஒருத்தரும் மூச்சு வுடக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்." எல்லோரும் தலையாட்டினோம். தொலைந்தாள் என்று தெரிந்தால் மாதம்மாவுக்குத் தெருமுனைகூடக் கிடையாது என்பது வேனில் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டு வாசலில் அவர் செல்போனோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னா புள்ள, உம் மேல சாமி வந்துச்சாமே?"

வீடியோ எங்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது! கோவிந்தம்மா வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இத்தனை பேசுகிறவர்களும் வாயை மூடிக்கொண்டிருக்க, மாதம்மா முன்னால் போய் நின்று முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். கையால். மலை, தண்ணீர், பச்சை, இன்னொரு பச்சை, சோறு, கனகாம்பரம், பாறை மேல் நான். நான் கையை ஆட்டியதை அப்படியே ஆட்டிக் காட்டினாள். அதை மட்டும் இரண்டு தடவை காட்டினாள்.

அவர் முகம் மாறியது. மனதால் அந்த வெங்காய மூட்டைக்குப் போய்விட்டார் என்று எனக்குப் புரிந்தது. மெதுவாக மாதம்மாவின் பக்கம் குனிந்து, நெஞ்சில் கை வைத்து நடுங்குவதுபோல் காட்டினார். பயந்துட்டியா?

மாதம்மா இல்லை என்று கையை விரித்தாள். அப்புறம் என்னைக் காட்டி, தன் நெஞ்சைப் படபடவென்று தட்டினாள். பயந்தது இவள்.

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வையைத் துடைத்தாரா, வேறெதையாவது துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை.

"அவ எங்க தொலஞ்சா? நீங்க இத்தன பேருந்தான தொலஞ்சிருக்கீங்க" என்றார். உள்ளே போகிறவர் வாசற்படியில் திரும்பி நின்றார். "அடுத்த வாட்டி எங்க போவணும்னு எங்கிட்டக் கேக்க வேணாம். அவளயே கேளு."

அங்கேயே கேட்டேன். மாதம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுவதுபோல் கையை இறக்கினாள். அப்புறம் உள்ளங்கையை வளைத்து நெளித்து மீனாக்கி, அதைப் புரட்டிப் புரட்டி வறுத்து, விரலை நக்கிக் காட்டினாள்.

ஒகேனக்கல்!

தீர்த்தமலைக்குப் போனது புண்ணியத்துக்கு. இது மீனுக்கு.